நித்திரை நேரத்து உரோமாபுரி

குருநகரில் ஸ்ரெல்லாவிடம் அளவு கொடுக்காத பெண் கிடையாது. முதல் நன்மைக்கு வெள்ளைச் சட்டை, கலியாணத்துக்கு நீளக் கைச் சட்டை, பிள்ளைத்தாய்ச்சிக்கு இடுப்பு விட்டுத் தைத்த சட்டை எல்லாமே அவளுடைய கைமெஷினில்தான் பிறந்தன. அவளுக்கு முப்பத்தேழு வயது. இரண்டு தரம் கலியாணம் பேசி இரண்டு தரமும் குழம்பிப்போனது. மூன்றாம் தரம் பேச வந்தவர்களிடம் தனக்குத் தையல் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்று சொல்லி அவளே அனுப்பிவைத்தாள். அண்ணன் கனிசியஸ், அவன் மனைவி றோஸ் ஆகியோருடன் சந்த யாகப்பர் கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கையில் இருந்தாள். மடுத் திருவிழாவுக்கு அப்பால் ஓரிடமும் கண்டதில்லை.

1933ஆம் ஆண்டு ஆவணி மாதம் பிறக்கிராசி அடைக்கலநாதன் அவளைத் தன் வீட்டுக்கு அழைத்தார். யாழ்ப்பாண நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிற, பேர்போன பிறக்கிராசி அவர். பெரிய தெருவில் மாடி வீடு. தாயார் யசிந்தா அம்மாவுக்கு அளவெடுக்கத்தான் என்று நினைத்து ஸ்ரெல்லா அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். அடைக்கலநாதனோ வழக்குக்கு வந்த கட்சிக்காரியைப்போல அவளைக் கதிரையில் இருத்தினார்.

"இது பரிசுத்த வரியம். உமக்குத் தெரியும்தானே. அம்மா உரோமாபுரிக்குப் போறா. கொழும்பிலையிருந்து யாத்திரைக் கூட்டம் ஒண்டு கப்பலிலை போகுது. நாலு பேராலயமும் தரிசிச்சு, பாப்பரசரின்ரை ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு வரவேணும். எனக்கு வழக்குகள் கிடக்கு. அறுபத்தெட்டு வயது மனுசியைத் தனிய விடேலாது. கூடப் போக ஒரு பெண்பிள்ளை வேணும்."

"ஓம் ஐயா, ஆரையாவது விசாரிக்கட்டோ?" என்றாள் ஸ்ரெல்லா.

"விசாரிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. அம்மா உம்மைத்தான் கேட்டவ."

ஸ்ரெல்லா "ஓம்" என்று சொன்னது அவளுக்கே காதில் விழவில்லை. வெளியே வந்து படலையைச் சாத்தினாள். படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தெருவில் போன மாட்டுவண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவனைப் பார்த்தும் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வீடுவரை ஓடாத குறையாக நடந்தாள்.

கடலுக்குப் போய்வந்த கனிசியஸ் சோறு தின்றுகொண்டிருந்தான். செய்தியைக் கேட்டதும் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தைச் சோற்றுக் கோப்பையிலேயே திரும்ப வைத்தான்.

"றோமாபுரிக்கோ? எங்கடை ஸ்ரெல்லாவோ?"

"ஓம் அண்ணை."

"அங்கை கடல் இருக்கோ?"

"ஆறுதான் ஓடுதாம்."

"ஆத்து மீனோ," என்று அவன் அனுதாபத்தோடு தலையை ஆட்டினான். றோஸ் மட்டும் ஓடிவந்து மச்சாளைக் கட்டிப்பிடித்தாள். இரண்டு பெண்களும் குசினிக்குள் நின்று சத்தமில்லாமல் குதித்தார்கள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்து நெருப்பை அணைத்தது.

மறுவாரம் அடைக்கலநாதன் ஒரு நிகழ்ச்சிநிரல் தந்தார். நீதிமன்றத் தாளில் அவருடைய கிளாக்கர் தட்டச்சுச் செய்தது. உரோமாபுரியில் நான்கு முழு நாள். காலை ஐந்து மணிப் பூசை. பிறகு இராயப்பர் பேராலயம், அருளப்பர் பேராலயம், சின்னப்பர் பேராலயம், தேவமாதா பேராலயம், ஒரு நாளைக்கு ஒன்று. பின்னேரம் செபமாலை, ஞான ஒடுக்கப் பிரசங்கம், இராச் செபம், படுக்கை. ஒரு நாள் மிஞ்சிய நேரத்தில் வேதசாட்சிகளின் நிலக்கீழ்க் கல்லறைகள். ஸ்ரெல்லா பயபக்தியோடு வாசித்துக்கொண்டு வந்தாள். ஒரு வரியில் அவள் கண் நின்றது. நான்கு நாளுக்கும் ஒரே மாதிரியாக அந்த வரி இருந்தது: "பிற்பகல் 1 மணி முதல் 3 மணி வரை: தாயார் நித்திரை."

தாயார் நித்திரை கொள்ளும்போது துணைக்கு வந்தவள் என்ன செய்வாள் என்று அந்தத் தாளில் இல்லை.

ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம். நான்கு நாளைக்கு எட்டு. உரோமாபுரியில் எட்டு மணித்தியாலம் தனக்கென்று இருக்கிறது! அன்று தைத்த சட்டையில் இடக்கையை வலப்பக்கத்தில் பொருத்திவிட்டு அதையும் பார்த்துச் சிரித்தாள்.

கன்னியர் மடத்தில் அவள் ஆறாம் வகுப்புவரை ஆங்கிலம் படித்தவள். அங்கே போய், யாத்திரைக்கு ஆயத்தம் செய்வதாகச் சொல்லி, உரோமாபுரியைப்பற்றிய பழைய படப்புத்தகம் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அது பொய் இல்லை. நடுத்தாளில் நகரத்தின் வரைபடம் இருந்தது. சட்டைக்கு வெட்டுத்தாள் போடுகிற மெல்லிய கடதாசியை அதன்மேல் விரித்துப் பென்சிலால் படியெடுத்தாள். ஆறு, பாலங்கள், தெருக்கள், கூட்டம் தங்கப்போகிற கன்னியர் மடம். பிறகு அதைப் பெரிதாக்கி இன்னொரு தாளில் போட்டாள். சின்ன அளவுச் சட்டையைப் பெரிய அளவாக்குவது அவளுக்குத் தெரிந்த வேலைதானே.

தூரம் பார்க்க அளவுநாடா எடுத்தாள். மடத்திலிருந்து ஓட்டைக்கூரைக் கோயில் ஒரு மைல். அந்தக் கோயிலின் முகட்டில் ஒரு வட்டத் துவாரம் இருக்கிறதாம், மழை உள்ளே பெய்யுமாம்.

"கோயிலுக்கு ஓடு போட ஒருதரும் இல்லையோ?" என்று கேட்டான் கனிசியஸ். "நான் நாலு பெடியளோடை போய் ஒரு நாளிலை மேஞ்சு தருவன்."

"அண்ணை, அது ரெண்டாயிரம் வரியமா அப்பிடித்தான் இருக்குதாம்."

"ரெண்டாயிரம் வரியமா ஒழுகுதோ!"

கொலோசியம் என்கிற பெரிய வட்ட அரங்கு இரண்டரை மைல். அதுதான் இடித்தது. போக ஐம்பது நிமிடம், வர ஐம்பது நிமிடம், பார்க்க இருபது நிமிடம். கெதியாக நடந்தால் முடியும். அவள் நடந்து பார்க்கத் தீர்மானித்தாள்.

கார்த்திகை மாதத்தில் உரோமாபுரி குளிருமாம். சப்பாத்து வேண்டும். பெரியகடையில் ஒரு சோடி கறுப்புச் சப்பாத்தும் அதற்குள் போடக் கம்பளி மேசும் வாங்கினாள். பிறந்ததிலிருந்து மணலில் நடந்த கால். முதல் நாள் சப்பாத்துப் போட்டு ஒழுங்கையில் இறங்கியபோது வாத்து நடப்பதுபோல் இருந்தது. ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் பின்னால் வந்தார்கள். அவள் குடையை விரித்து, பகல் ஒரு மணிக்குப் புறப்பட்டு, மணிக்கூட்டுக் கோபுரம்வரை போய் நேரம் பார்த்துத் திரும்பினாள். அதுதான் ஓட்டைக்கூரைக் கோயில். மூன்றாம் நாள் அரியாலைவரை போனாள். அது கொலோசியம். திரும்பும்போது குதிகால் இரண்டிலும் கொப்புளம். முகம் அவித்த நண்டுபோல் சிவந்திருந்தது.

ஊரில் கதை பரவியது. ஸ்ரெல்லா நேர்த்தி வைத்திருக்கிறாள் என்று சிலர் சொன்னார்கள். சூரியன் தலையில் அடித்துவிட்டது என்று சிலர். கனிசியஸ் பொறுக்கமுடியாமல் ஒரு நாள் வாசலில் மறித்தான்.

"எடி தங்கச்சி, எங்கையடி உச்சி வெய்யிலுக்குள்ளை போட்டு வாறாய்?"

"கொலோசியத்துக்கு," என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டே. "நாப்பத்தெட்டு நிமிசம் அண்ணை! ரெண்டு நிமிசம் மிச்சம்!"

அவன் றோஸைப் பார்த்தான். றோஸ் அவனைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். இரவில் மச்சாளின் காலுக்கு நல்லெண்ணெய் தடவியவள் அவள்தான்.

மொழி ஒரு சங்கடமாக இருந்தது. இத்தாலிய பாஷை ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் பூசையில் முப்பது வருடமாக இலத்தீன் சொல்லி வருகிறாள். இத்தாலியருக்கு அது பாதியாவது விளங்காமலா போகும்? பரமண்டல மந்திரத்தில் அப்பம் கேட்கிற வரி ஒன்று இருக்கிறதே. "பானெம் நோஸ்த்ரும் தா நோபிஸ்" என்று சொல்லிக் கையை நீட்டினால் பாண் கிடைக்கும் என்று றோஸுக்கு விளங்கப்படுத்தினாள்.

"தண்ணிக்கு?"

"ஞானஸ்நானத்திலை வாறது. அக்குவா."

"மீனுக்கு?" என்று உள்ளேயிருந்து கனிசியஸ் கேட்டான்.

மீன் எந்தச் செபத்தில் வருகிறது என்று மூன்று பேரும் இருந்து யோசித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு காரியம் உறுதியாகத் தெரியவேண்டியிருந்தது. யசிந்தா அம்மா உண்மையாகவே இரண்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுவாவா? ஸ்ரெல்லா அடைக்கலநாதனிடம் போய், அம்மாவின் பழக்கவழக்கங்களைப் படிப்பதற்காகப் புறப்படும்வரை ஒவ்வொரு மத்தியானமும் வந்து கூட இருக்கலாமோ என்று கேட்டாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் இப்படிப் பொறுப்பான பிள்ளை எங்கே கிடைக்கும் என்றார்.

யசிந்தா அம்மா வாட்டசாட்டமான மனுசி. சாப்பிட்டு முடிந்ததும் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் சரிந்து செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவா. ஸ்ரெல்லா பக்கத்தில் பாயில் இருந்து பட்டுக்கு ஓரம் தைத்தபடி கணக்குக் குறித்தாள். திங்கள்: ஒன்று பத்து முதல் மூன்று ஐந்து. செவ்வாய்: ஒன்று முதல் மூன்று. புதன் அன்று சோதனைக்குக் கத்தரிக்கோலை நிலத்தில் விழுத்தினாள். அம்மா அசையவில்லை. வியாழன் படலையைத் திறந்து, வெளியே போய், திரும்பி வந்தாள். அம்மா அசையவில்லை. வெள்ளிக்கிழமை பிச்சைக்காரன் ஒருவன் வாசலில் நின்று பாட்டுப் பாடினான். அப்போதும் அம்மா கல்லுப்போலக் கிடந்தா. ஸ்ரெல்லாவுக்கு அந்தக் கனத்த உடம்பைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சவேண்டும்போல இருந்தது. இப்படியும் ஒரு நித்திரை உண்டா!

அதற்குப் பிறகு துணிந்துவிட்டாள். வெட்டுத்தாளைக் கொண்டுவந்து விறாந்தை நிலத்தில் விரித்து, மூலைகளுக்கு நூற்கட்டை வைத்து, சோக்குக் கட்டியால் வழி போட்டாள். வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்: "முதல் நித்திரை, பெரிய நீரூற்று. ரெண்டாம் நித்திரை, ஓட்டைக்கூரைக் கோயில். மூண்டாம் நித்திரை, ஆத்தங்கரை. நாலாம் நித்திரை, கொலோசியம்..."

"கொலோசியத்துக்கு ரெண்டு மணித்தியாலம் காணாது."

குரல் சாய்மனைக் கதிரையிலிருந்து வந்தது. யசிந்தா அம்மாவின் கண் இன்னும் மூடித்தான் இருந்தது.

ஸ்ரெல்லா தாளின்மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். "அம்மா... நித்திரையெண்டெல்லோ..."

"நான் எப்பவடி நித்திரை கொண்டனான்?" யசிந்தா அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தா. "முப்பது வரியமா ஒரு மத்தியானம் நித்திரை கொண்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தால்தான் இந்த வீட்டிலை ஒருதரும் என்னைக் கூப்பிடாயினம். புதன்கிழமை உன்ரை கத்தரிக்கோல் விழுந்து என்ரை நெஞ்சு நிண்டுபோச்சு, தெரியுமோ?"

"அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிறக்கிராசி ஐயாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

"அவனுக்கோ? அவனுக்குச் சொன்னால் என்னையும் போக விடான்." கதிரை கிரீச்சிட அம்மா எழும்பி, பாயில் வந்து வெட்டுத்தாளின் பக்கத்தில் சம்மணம் கொட்டி இருந்தா. "உது என்ன, ஆறோ? எங்கை அந்த ஓட்டைக்கூரைக் கோயில்? காட்டு."

அன்று மூன்று மணிவரை ஸ்ரெல்லா கேட்ட கதை இதுதான். யசிந்தா அம்மாவின் கணவர் சிங்கராயர் 1900ஆம் ஆண்டில், முந்திய பரிசுத்த வருடம் ஒன்றில், கூட்டாளிகளோடு உரோமாபுரிக்குப் போய் வந்தவர். மனைவியைக் கூட்டிப் போகவில்லை. திரும்பிவந்து பதினெட்டு வருடம், சாகும்வரை, சாப்பாட்டு மேசையில் அதே கதைதான். மழை பெய்கிற கோயிலைக் கண்டாராம். குருநகர் ஒழுங்கை அளவு தெருவுக்குள் மாடிவீட்டளவு நீரூற்று ஒன்று இரைந்துகொண்டு நிற்கிறதாம். ஒரு கோயில் வாசலில் கல்லால் செய்த முகம் ஒன்று இருக்கிறதாம். பொய்யன் கையை அதன் வாய்க்குள் விட்டால் கடித்துப்போடுமாம். தான் மூன்று தரம் கையை விட்டு முழுக் கையோடு வந்தாராம். எப்போது அவருடைய சொல்லை அம்மா சந்தேகித்தாலும் கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவாராம்.

"பதினெட்டு வரியம், பிள்ளை! மீன் விலையிலை பொய் சொல்லிப்போட்டும் விரலைக் காட்டுவார். நான் என்னெண்டு மறுத்துக் கதைக்கிறது? எனக்கு அந்த மனுசன் சொன்னது மெய்யோ பொய்யோ எண்டு என்ரை கண்ணாலை பாக்கவேணும். அதுக்குத்தான் உன்னைக் கேட்டனான்."

"என்னை ஏனம்மா?"

"மற்றவளவையெண்டால் என்னைக் கோயிலாலை வெளியிலை வர விடாளவை. நீ அளவெடுக்கேக்கை யன்னலாலை தெருவைப் பாக்கிறனி."

அன்றிலிருந்து விறாந்தை ஒரு பள்ளிக்கூடமானது. இரண்டு மாணவிகளும் போட்டி போட்டார்கள். கொலோசியத்துக்குக் குதிரைவண்டி பிடிப்பதென்று தீர்ந்தது. பொய்யனைக் கடிக்கிற கல்வாய்க்கு மூன்றாம் நித்திரை ஒதுக்கப்பட்டது. ஊற்றடியில் ஐஸ்கிறீம் தின்னலாமோ, குளிருக்குத் தொண்டை கட்டுமோ என்று ஒரு மத்தியானம் முழுக்க வாதம் நடந்தது. அம்மாதான் வென்றா: தின்னலாம்.

ஐப்பசி முதல் கிழமையில் ஒரு நாள், வழக்கு ஒன்று தள்ளிப்போனதால், அடைக்கலநாதன் இரண்டு மணிக்கே வந்துவிட்டார். படலைச் சத்தம் கேட்டதும் யசிந்தா அம்மா அறுபத்தெட்டு வயதுக்குப் பொருந்தாத வேகத்தில் கதிரைக்குப் பாய்ந்தா. அவர் படியேறும்போது விறாந்தை குறட்டையால் அதிர்ந்தது. ஆனால் வெட்டுத்தாள் நிலத்தில் விரித்தபடியே கிடந்தது.

"உதென்ன ஸ்ரெல்லா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

"சட்டைக்கு வெட்டுத்தாள், ஐயா."

அவர் குனிந்து பார்த்தார். குறுக்குவிசாரணை அவருடைய தொழில். "உந்த வளைவு?"

"கைக்குழி, ஐயா." அது ஆறு.

"கைக்குழியோ? இப்பிடி ரெண்டு மூண்டு தரம் வளையுதே."

"கொழும்பு மோஸ்தர்."

"இந்த வட்டம்?"

"பொத்தான்." அது ஓட்டைக்கூரைக் கோயில்.

"இது பெரிய பொத்தானாக் கிடக்கு." அவர் விரல் கொலோசியத்தில் நின்றது. குறட்டை அந்த இடத்தில் இடிபோல் உயர்ந்தது. ஸ்ரெல்லா உதட்டைக் கடித்தாள். கடித்த உதடு துடித்தது. அவர் தாயாரைத் திரும்பிப் பார்த்து, பாசத்தோடு, "பாவம், களைச்சுப்போனா," என்று சொல்லி நுனிக்காலில் உள்ளே போனார்.

கதவு சாத்தியதும் குறட்டை நின்றது. பிறகு கதிரை குலுங்கத் தொடங்கியது. அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினா. ஸ்ரெல்லா பாயில் குப்புற விழுந்து தலையணையைக் கடித்தாள். இரண்டு பேருக்கும் வயிறு நொந்து கண்ணீர் வந்தது.

ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் அவளுக்குக் கைக்குழி உறுத்தியது. பரிசுத்த யாத்திரை போகிறவள், நாக்கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். நான்கு நித்திரை, சப்பாத்து, வெட்டுத்தாள், பொத்தான் ஒன்றும் விடவில்லை. திரைக்கு அப்பால் இருந்த பங்குச் சுவாமியார் பிரான்சுக்காரர். முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். தமிழ் நன்றாகக் கதைப்பார். அவர் பக்கத்திலிருந்து இருமுவதுபோல் ஒரு சத்தம் வந்தது.

"மகளே, பொய் சொன்னது பாவம். அதற்கு மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லு. நகரத்தைப் பார்க்க விரும்புவது பாவமல்ல. ஆண்டவர் கண்ணைத் தந்தது மூடி வைப்பதற்கா?"

"இல்லை சுவாமி."

"நல்லது. ஆற்றங்கரையில் பின்னேர வெயில் விழும்போது பாலத்தில் நின்று பார். அவசரப்படாதே." பிறகு, இன்னும் தணிந்த குரலில், "அது நித்திரை நேரத்தில் வராது. வேறு ஒழுங்கு செய்யவேணும்," என்றார்.

ஐப்பசி நடுவில் யாழ்ப்பாணப் புகையிரத நிலையத்தில் அரைக் குருநகர் நின்றது. கனிசியஸ் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை ஒளித்துத் தந்தான். ஆத்து மீனை நம்பவேண்டாமாம். அடைக்கலநாதன் நிகழ்ச்சிநிரலின் மூன்று பிரதிகளைத் தந்தார். புகைவண்டி அசைந்ததும் யசிந்தா அம்மா செபமாலையைக் கையில் எடுத்தா. அரியாலை தாண்டும்வரை பக்தியோடு சொன்னா. பிறகு அதை மடியில் வைத்துவிட்டு, "ஸ்ரெல்லா, தாளை எடு," என்றா.

பதினாறு நாள் கடல். ஏடனுக்கு அப்பால் எல்லோரும் வாந்தியெடுத்துக் கிடக்க, இந்த இரண்டு பேரும் கப்பலின் மேற்தட்டில் நடை பழகினார்கள். நேப்பிள்சில் இறங்கி, ரயிலேறி, கார்த்திகை தொடக்கத்தில் ஒரு மாலை உரோமாபுரி போய்ச் சேர்ந்தார்கள். மடத்து யன்னலால் இராயப்பர் பேராலயத்தின் பெரிய குவிமாடத்தைக் கண்டபோது ஸ்ரெல்லா அழுதாள். பிறகு யன்னலிலேயே சாப்பாட்டை வைத்துச் சாப்பிட்டாள்.

முதல் நாள் ஒரு மணி. கூட்டத்தை நடத்திவந்த சுவாமியார் படுக்கப் போனார். மற்ற யாத்திரிகர் படுக்கப் போனார்கள். இரண்டு பெண்களும் கள்ளரைப்போலப் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். வந்து பார்த்தால், உரோமாபுரியும் படுத்துவிட்டது! கடைகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. கோயில்களுக்குக் கதவு சாத்தியிருந்தது. யன்னல்களுக்குப் பலகை மூடியிருந்தது. ஒரு பூனையைத் தவிரத் தெருவில் சீவனில்லை. மூன்று மாதம் அவர்கள் போட்ட திட்டமெல்லாம், அந்த நகரமே மத்தியான நித்திரை கொள்ளுகிற அதே இரண்டு மணித்தியாலத்தில்தான்.

ஸ்ரெல்லா தெரு நடுவில் நின்று தாளைப் பார்த்தாள். "அம்மா, இதை நான் யோசிக்கேல்லை."

"இவையளும் என்னைப்போலை கண்ணைத்தான் மூடிக்கொண்டு கிடக்கினமோ ஆர் கண்டது," என்றா அம்மா. "நட. ஊத்துக்குக் கதவு போடேலாது."

உண்மைதான். ஒடுங்கிய தெருக்களால் வளைந்து வளைந்து போகும்போதே இரைச்சல் கேட்டது. மூலையில் திரும்பினார்கள். மாடிவீட்டளவு வெள்ளைக் கல், குதிரைகள், பாறைகள், அவ்வளவுக்கும் மேலால் தண்ணீர். வேறு ஒருவரும் இல்லை. யசிந்தா அம்மா வாயைத் திறந்தபடி நின்று பார்த்தா. பிறகு கோபத்தோடு, "மெய்தான் சொல்லியிருக்கிறார்," என்றா. ஐஸ்கிறீம் கடை பூட்டியிருந்தது. ஸ்ரெல்லா கையை நனைத்து முகத்தில் வைத்தாள். சிலீரென்ற குளிரில் கூவிவிட்டாள்.

இரண்டாம் நாள் மழை. ஓட்டைக்கூரைக் கோயிலுக்கு அதைவிட நல்ல நாள் வராது. ஆனால் கதவு மூன்று மணிக்குத்தான் திறக்கும். முன்மண்டபத்துத் தூண்களுக்கு இடையில் இரண்டு பேரும் நடுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பாண்காரன் கடை திறந்ததும் ஸ்ரெல்லா போய் "பானெம் நோஸ்த்ரும் தா நோபிஸ்" என்று கையை நீட்டினாள். அவன் சிலுவை போட்டு, "ஆமென்" என்று சொல்லி, சூடான பாண் ஒன்றை இரண்டாகப் பிய்த்துக் கொடுத்தான். கதவு திறந்தது. உள்ளே அந்தப் பெரிய இருட்டின் நடுவில் வெளிச்சமும் மழையும் ஒன்றாக, ஒரே தூணாக, முகட்டிலிருந்து நிலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் பாண் கையிலிருப்பதை மறந்து நின்றார்கள். மடத்துக்குத் திரும்ப ஐந்து மணியாகிவிட்டது. செபமாலை முடிந்திருந்தது. சுவாமியார் வாசலில் நின்றார்.

"நித்திரை கொண்டிட்டன், சுவாமி," என்றா யசிந்தா அம்மா. முந்தானையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. சுவாமியார் சொட்டிய தண்ணீரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு வாசலை விட்டு விலகி நின்றார்.

கல்வாய்க் கோயிலும் மத்தியானத்தில் பூட்டித்தான் இருக்கும் என்று தெரிந்ததால், மூன்றாம் நாள் காலையில் சின்னப்பர் பேராலயத்திலிருந்து கூட்டம் திரும்பும்போது இரண்டு பேரும் ஆற்றங்கரையில் இறங்கிக்கொண்டார்கள். இந்த முறை அம்மா நேராகச் சுவாமியாரிடமே சொன்னா, செத்துப்போன கணவருக்கு ஒரு கடமை கிடக்கிறது என்று.

வாசல் மண்டபச் சுவரில் அந்தக் கல்முகம் இருந்தது. வண்டிச் சில்லளவு. தேய்ந்த கண், திறந்த வாய். ஸ்ரெல்லா கிட்டப் போகவே மாட்டேன் என்றாள். கைக்குழியும் பொத்தானும் அவளுக்கு நினைவில் இருந்தன. யசிந்தா அம்மா சேலையை இழுத்துச் சொருகி, முன்னால் போய், வலக்கையை மணிக்கட்டுவரை உள்ளே விட்டா. கோயில் முழுக்கக் கேட்கும்படி, தமிழில், உரத்துச் சொன்னா:

"நான் ஒவ்வொரு மத்தியானமும் ரெண்டு மணித்தியாலம் நித்திரை கொள்ளுறனான்!"

ஸ்ரெல்லா கண்ணை மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கையை வெளியே எடுத்துப் பார்த்தா. ஐந்து விரலும் இருந்தன.

"கடிக்கேல்லை," என்றா மெதுவாக. பிறகு முகம் மலர்ந்தது. "கடிக்கேல்லையடி! இது ஆரையும் கடியாது! அப்ப அந்த மனுசன் பதினெட்டு வரியமாக் காட்டின விரல் செல்லாது!"

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. சிரிப்பு நிற்கவில்லை. சிரித்துச் சிரித்து கண்ணீர் வந்தது. கண்ணீர் வந்த பிறகு அது கொஞ்சநேரம் வேறு மாதிரிப் போனது. ஸ்ரெல்லா அவவின் முதுகைத் தடவிவிட்டாள். "ஊத்து மெய். கோயில் மெய். உது மட்டும் பொய்," என்றா அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு. "பரவாயில்லை. மூண்டிலை ரெண்டு."

அன்று மாலை பாலத்தில் நின்று வெயில் விழுவதையும் பார்த்தார்கள். பங்குச் சுவாமியார் சொன்னது சரி. ஸ்ரெல்லா அவசரப்படவில்லை. நான்காம் நாள் குதிரைவண்டியில் கொலோசியத்தை மூன்று தரம் சுற்றினார்கள். பிறகு ஐஸ்கிறீம் தின்றார்கள், ஆளுக்கு இரண்டு. தொண்டை கட்டவில்லை.

யாழ்ப்பாணம் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அடைக்கலநாதன் விருந்து வைத்தார். தாயார் நான்கு பேராலயத்தையும்பற்றி ஒரு மணித்தியாலம் உருக்கமாகச் சொன்னா. விருந்தினர் போனதும் எல்லாவற்றையும் தானே மகனிடம் போட்டு உடைத்தா. வெட்டுத்தாளையும் விரித்துக் காட்டினா. ஸ்ரெல்லா கதவோரம் நின்று வேர்த்தாள். அடைக்கலநாதன் அந்தத் தாளில் கைக்குழியின் வளைவை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, பிறக்கிராசிக் குரலில் இல்லாமல், சாப்பாட்டு மேசையில் தகப்பனின் கதை கேட்ட பிள்ளையின் குரலில் கேட்டார்: "அம்மா, அந்தக் கோயிலுக்குள்ளை மெய்யா மழை பெய்ததோ?"

அடுத்த வருடம் இரண்டு பெண்களும் கண்டிக்குப் போனார்கள். அதற்கடுத்த வருடம் மதுரைக்கு, பிறகு கோவாவுக்கு. அடைக்கலநாதன் நிகழ்ச்சிநிரல் எழுதுவதை விட்டுவிட்டு, போய்ச் சேர்ந்ததும் கடிதம் போடச் சொல்லி மட்டும் கேட்டார். 1940இல் யசிந்தா அம்மா காலமானா. ஸ்ரெல்லா ஒரு வருடம் எங்கும் போகவில்லை. பிறகு ஒரு மாசி மாதம் மெஷினுக்குத் துணி போர்த்து மூடிவிட்டு, றோஸைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாருக்கு ரயிலேறினாள். இராமேசுவரம் கடந்து தஞ்சாவூர்வரை போவதாக எண்ணம். றோஸ் அதற்கு முன் மடுத் திருவிழாவுக்கு அப்பால் போனதில்லை. ரயில் புறப்படும் முன்பே சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.